பீட்ரூட்டில் விளைந்த முள்

வேதநாயகம் தெருவில் பீட்ரூட்டுக்குள்ளிருந்து முதல் மீன்முள் எடுக்கப்பட்டது ஆவணி மாதத்து நண்பகல் ஒன்றில். எடுத்தவர் அதே தெருவில் பல் மருத்துவம் பார்க்கும் இன்பா. அதை நாக்கின் நுனியால் மெல்லத் தள்ளி, உதடுகளுக்கு நடுவே கொண்டுவந்து, இரு விரல்களால் பிடித்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தி, பிடுங்கிய பல்லின் வேரைப் பார்ப்பவரைப் போல அவர் திருப்பித் திருப்பிப் பார்த்த விதம் அந்தத் தெருவில் இன்றும் நடித்துக் காட்டப்படுகிறது.

"ரோஜா, இது முள்ளு."

"பீட்ரூட்ல ஏது மேடம் முள்ளு," என்றாள் சமையல் மேடைக்குப் பின்னால் நின்ற வனரோஜா, கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்காமலேயே.

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

முள் இளஞ்சிவப்பாக, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்தது. தண்ணீரில் அலசியதும் வெளுத்தது. ஒரு சிறிய சோயா சாஸ் கிண்ணத்தின் விளிம்பில் அதை வைத்துவிட்டு இன்பா மீதியைச் சாப்பிட்டு முடித்தார். ஏனெனில் அவருக்கு மூன்று மணிக்கு ஒரு கடைவாய்ப் பல் காத்திருந்தது. மேலும், சுஷி நன்றாக இருந்தது.

கடலுக்கும் பறக்கும் ரயில் பாதைக்கும் இடைப்பட்ட அந்தத் தெருவில், சபேசன் என்பவருடைய வீட்டின் கீழ்த்தளத்தில், ஒருகாலத்தில் அவருடைய கார் நின்ற இடத்தில், 'கரை' என்ற பெயரில் வனரோஜா அந்த உணவகத்தை நடத்திவந்தாள். மீனோடு சோற்றைச் சுருட்டும் ஜப்பானியப் பண்டத்தைக் காயோடு மட்டும் செய்ததால், வீகன் சுஷி என்று பலகையில் எழுதியிருந்தாள்; அதைக் கண்டு, சுஷி என்பது யார், உங்கள் மகளா என்று தொடக்கத்தில் கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களே பின்னர் வாடிக்கையாளர்களானார்கள். கருப்புக் கவுனி அரிசியைக் குழைய வேகவைத்து, தேங்காய் வினிகரும் சிறிது வெல்லமும் கலந்து விசிறி ஆற்றி, மூங்கில் பாயில் கடற்பாசித் தாளைப் பரப்பி, அதன்மேல் சோற்றையும் காயையும் அடுக்கி அவள் சுருட்டும்போது, அந்தப் பாய் எழுப்பும் மெல்லிய முறுமுறுப்பைக் கேட்பதற்காகவே சிலர் சமையல் மேடைக்கு எதிரே இடம் பிடிப்பார்கள். புகையூட்டிய பீட்ரூட் அவளிடம் சூரை மீனாயிற்று, கேரட் சங்கராவாயிற்று, சுட்டுத் தோலுரித்த கத்தரிக்காய் விலாங்காயிற்று, ஆவியில் வெந்த வெண்பூசணித் துண்டு வவ்வால் மீனாயிற்று. இஞ்சி ஊறுகாய்க்குப் பதிலாக அவள் வைத்தது மாங்காய் இஞ்சி. அசைவம் கூடாது என்பது சபேசன் வீட்டு நிபந்தனை. அசைவம் தொடேன் என்பது வனரோஜா தனக்குத்தானே இட்டுக்கொண்ட நிபந்தனை. எனவே இருவருக்கும் நடுவே ஒரு சொல்கூடத் தடித்ததில்லை.

முதல் முள்ளைத் தொடர்ந்து மறுநாள் கேரட்டில் முள் வந்தது. அதற்கு அடுத்த நாள் கத்தரிக்காயில் நீண்ட, வளைந்த முட்கள் வந்தன. அந்த வாரம் முடிவதற்குள் வெண்பூசணியில், ஒரு சீப்பின் பற்களைப் போல வரிசையாக, நடுத்தண்டோடு கூடிய முழு முள்ளே வந்துவிட்டது. வெள்ளரிக்காயில் மட்டும் கடைசிவரை முள் விளையவில்லை; அதன் காரணத்தை ஒருவரும் கேட்கவில்லை.

தெரு நலச் சங்கம் கூடியது. கூடுவதற்கு வேறு இடம் இல்லாததால் அந்த உணவகத்திலேயே கூடியது. கூடியவர்கள் வெறும் வாயோடு இருக்க முடியாததால் ஆளுக்கொரு தட்டு வரவழைத்துக்கொண்டார்கள். முள் இருப்பதால் அது மீன் என்று ஒரு தரப்பும், பீட்ரூட்டில் விளைந்தது பீட்ரூட்டே என்று மறு தரப்பும் வாதிட்டன. பலாப்பழத்தின் மேலே முள் இருக்கிறதே, அதற்காகப் பலாவை யாராவது அசைவம் என்கிறார்களா என்று சபேசனின் மனைவி திலகவதி கேட்டார். அது வெளியே இருக்கும் முள், இது உள்ளே இருக்கும் முள் என்றார் சங்கத்துச் செயலாளர். ரோஜாச் செடிக்கு முள் இருப்பது தெரியும், ரோஜா கைபட்ட பண்டத்துக்கெல்லாமா வரும் என்று யாரோ பின்வரிசையில் முனகினார்கள். சிரிப்பு அடங்கியதும், எல்லாரும் சபேசனைப் பார்த்தார்கள்.

சபேசன் மின்வாரியத்தில் மீட்டர்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். பிறந்ததிலிருந்து சைவம்; மீன்கூடைக்காரிகள் தெருவுக்குள் வராமல் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகவேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரே. அவர் தீர்ப்புச் சொல்வதற்குமுன் சோதிக்க விரும்பினார். தாமே சந்தைக்குப் போய், தாமே பொறுக்கி, தாமே கழுவிய பூசணியைக் கொண்டுவந்து கொடுத்து, ரோஜா அதை அரிந்து வேகவைத்து முடிக்கும்வரை மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு அமர்ந்து, கண்ணிமைக்காமல் பார்த்தார். பிறகு வாயில் போட்டார். போட்டவர் வெகுநேரம் அசையவில்லை. அவருடைய கன்னம் ஒருபக்கம் உப்பியது, பின்பு மறுபக்கம் உப்பியது. இறுதியில், வாழ்நாளில் ஒருமுறையும் முள் எடுத்துப் பழகாத அந்த வாயிலிருந்து, மயிரிழை போன்ற முள் ஒன்று பத்திரமாக வெளியே வந்தது.

"காய் நான் வாங்கினது," என்றார் சபேசன். "அந்தம்மா அந்தக் காயையும் கத்தியையும் தவிர வேற எதையும் தொடல. முள்ளை ஒதுக்கிட்டுச் சாப்பிடுங்க. கறிவேப்பிலையை ஒதுக்கலையா."

இவ்வாறாக அந்த விவகாரம் தீர்ந்தது. தீர்ந்ததும், தெரு முள்ளோடு வாழக் கற்றுக்கொள்ளத் தொடங்கியது. தட்டுகளின் ஓரத்தில் முள்ளுக்கென்று சின்னக் கிண்ணம் வைக்கப்பட்டது. தொண்டையில் சிக்கினால் விழுங்குவதற்கு வெறும் சோற்றுருண்டை ஒன்று ஒவ்வொரு மேசையிலும் தயாராக இருந்தது. ஒரு கையில் கைப்பேசியையும் மறு கையில் உணவையும் வைத்துக்கொண்டு, எதை விழுங்குகிறோம் என்று அறியாமலேயே விழுங்கிப் பழகியிருந்த மென்பொருள் நிறுவனத்துப் பிள்ளைகள், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாக்கையும் அண்ணத்தையும் முதன்முறையாகச் சந்திக்க வைத்தவர்களைப் போல, விழிகள் எங்கோ நிலைகுத்தி நிற்க மென்றார்கள். முள் உள்ள உணவை வாயில் வைத்துக்கொண்டு எவராலும் சண்டையிட முடியாது என்பதால், பாகப் பிரிவினைப் பேச்சுக்கு அண்ணன் தம்பிகளை அங்கே அழைத்து வந்தார்கள். பெண் பார்க்கும் பேச்சுக்கும் அழைத்து வந்தார்கள். தாய்மார்கள் பீட்ரூட்டைப் பிய்த்து, விரல்களால் தடவி முள்ளகற்றி, குழந்தைகளின் வாயில் ஊட்டினார்கள். பரம்பரையாக மீனே பார்த்திராத வீடுகளின் தாய்மார்களுக்கும் அந்த விரலசைவு யாரும் காட்டாமலேயே வந்தது. பீட்ரூட் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள்கூட, முள் இருந்தால்தான் சாப்பிடுவோம் என்று வீட்டில் அடம் பிடித்தார்கள்.

முள் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. வனரோஜாவும் கேட்டுக்கொள்ளவில்லை, தெரிந்தவர்கள் கேட்பதில்லை.

வனரோஜா பிறந்தது நடந்து போகும் தொலைவிலுள்ள மீனவர் குப்பத்தில். நகருக்கு மேற்கே, கார்த் தொழிற்சாலைகளுக்கு வந்த ஜப்பானியர்களுக்காக நடத்தப்பட்ட ஓர் உணவகத்தில் பாத்திரம் துலக்கப் போனவள், மீனைப் பிடித்துப் பழகிய கையென்று கண்டுகொள்ளப்பட்டு, கத்தி பிடிக்கும் இடத்துக்கு உயர்த்தப்பட்டாள். அங்கே ஒரு முறை இருந்தது: மீன்துண்டை அரிவதற்குமுன் இடக்கையின் சுட்டுவிரலை அதன்மேல் வாலிலிருந்து தலைப்பக்கமாக ஓட்டவேண்டும், கண்ணுக்குத் தெரியாத முள் விரலுக்குத் தெரியும், தெரிந்ததைச் சாமணத்தால் பிடுங்கவேண்டும், பிறகுதான் கத்தி. அந்த முறை அவளுக்குள் இறங்கி நிலைத்திருந்த காலத்தில்தான், ஒரு கார்த்திகை மாதத்துப் புயலில், அவளுடைய அண்ணன் தணிகாசலம் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகு திரும்பியது, ஆளில்லை. உடலும் கரையொதுங்கவில்லை.

அதன்பிறகு அந்த விரல் முள்ளை மட்டும் தேடவில்லை. ஒவ்வொரு மீன்துண்டின்மேலும் அது ஓடியபோது, அண்ணனின் இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணின் ஒரு கண்ணியாவது தட்டுப்பட்டுவிடுமோ என்ற அச்சமும், ஒன்றுமே தட்டுப்படாமல் போய்விடுமோ என்ற அச்சமும் ஒருசேர ஓடின. ஒருநாள் விரல் பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் வேலையை விட்டாள். மீன் தொடுவதை விட்டாள். மீனைத் தின்பதையும் விட்டாள். அண்ணன் இறந்தான் என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதவள் மீனின்மேல் வஞ்சமும் வைத்தாள். இரண்டையும் ஒரே நெஞ்சில்தான் வைத்திருந்தாள். ஆனால், மீனை விட்ட அந்த விரல் பழக்கத்தை விடவில்லை. பீட்ரூட்டின்மேலும் ஓடியது, கேரட்டின்மேலும் ஓடியது, நாள்தோறும், துண்டுதோறும், எதையோ கேட்டுக்கொண்டே ஓடியது. அவ்வளவு காலம் கேட்கப்பட்ட காய்கள் இறுதியில் கொடுக்கத் தொடங்கின.

கார்த்திகை பிறந்து, மழை விட்டிருந்த ஒரு முற்பகலில், தேசம்மா உள்ளே வந்தாள்.

தேசம்மா தணிகாசலத்தின் மனைவி. நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியும் அப்படியே இருந்தன. எடுக்கச் சொல்வதற்கு உடலுமில்லை, சொல்வாருமில்லை. கணவன் போன இரண்டாம் மாதத்திலேயே, பிள்ளைகளின் வயிற்றுக்காக அவள் மீண்டும் மீன்கூடையைத் தூக்கியபோது, எங்கள் அண்ணனைத் தின்ற மீனை அண்ணன் பெண்டாட்டியே விற்கிறாள் என்று கரையில் நின்று, ஊரே கேட்கும்படி சொன்னவள் வனரோஜா. அன்றிலிருந்து எட்டு ஆண்டுகளாக இருவருக்கும் பேச்சில்லை. இப்போது தேசம்மா மேடைக்கு எதிரே, முக்காலியின் நுனியில் அமர்ந்திருந்தாள். ரோஜா தம்ளரை எடுத்தாள்.

"தண்ணி குடிக்கிறியா அண்ணி?"

"குடு. கூடைய மூலையில புங்க மரத்தடியில வெச்சிட்டு வந்துருக்கன். உங்க தெருவுக்கு ஆவாதாமே."

"சார் ஒண்ணும் சொல்லமாட்டாரு."

"மாடியில நின்னு பாத்துகினேதான் கீறாரு. சொல்லாமதான் பாக்கறாரு." தண்ணீரைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "மேகலாவுக்குக் கண்ணாலம் கூடி வந்துருக்குது. தையில."

"பையன் யாரு?"

"துறைமுகத்துல வேல. நல்ல புள்ள. அவங்க வீட்டுல ஒண்ணுதான் கேக்கறாங்க. பொண்ணோட அப்பன் இருக்கறாரா, இல்லியா. இருந்தா வந்து மணையில நிக்கட்டும். இல்லன்னா காரியத்தப் பண்ணிட்டு வாங்கன்றாங்க. பத்திரிகை அடிக்கிறவனும் அதையேதான் கேக்கறான். பேருக்கு முன்னால தெய்வத்திருன்னு போடறதா, வாணாமான்னு."

அடுத்த மேசைக்குப் பூசணி கேட்டிருந்தார்கள். எனவே ரோஜா பூசணித் துண்டைப் பலகையில் வைத்தாள்.

"நீ என்ன சொன்ன அண்ணி?"

"நான் இன்னா சொல்றது. நான் வாயத் தொறந்து சொல்லிட்டா, கண்ணாலத்துக்காவப் புருசனச் சாவடிச்சவன்னு நாளைக்கு ஊரு சொல்லும். பஞ்சாயத்துலயும் கேட்டுட்டன். கூடப் பொறந்தவ சொல்லட்டும்ன்றாங்க. பொண்ணுக்கு அத்தை நீ ஒருத்திதான். நீ சொன்னாதான் சொல்லு." குரல் தாழ்ந்தது. "ரோஜா, எனக்காவ கேக்கல. பொட்டு போனாப் போவுது. மணமேடையில என்னைப் பின்னால நிக்கச் சொன்னாலும் நின்னுக்குவன். அந்தப் பொண்ணு எட்டு வருசமா வாசல்லயே உக்காந்துகினு கீது. எழுந்து போவணும்ல அது."

ரோஜாவின் இடக்கைச் சுட்டுவிரல் பூசணித் துண்டின்மேல் ஏறி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது. திரும்பி வந்து மீண்டும் ஓடியது. தேசம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி தேடற?"

"முள்ளு."

"பூசணிக்காயிலயா?"

"கை பழகிடுச்சு."

"சந்தை பூரா இதான் பேச்சு. தணிகாசலம் தங்கச்சி கடையில காய்க்கு முள்ளு மொளைக்குதுன்னு. நான் கூட இன்னாடான்னு நெனச்சன்." தேசம்மாவின் உதடுகள் சற்றே கோணின, அது சிரிப்புத்தான். "நீ இப்புடித் தடவித் தடவித் தேடிகினே இருந்தா, பூசணிக்கா பாவம் இன்னா பண்ணும். தேடறாளேன்னு ஒண்ணப் போட்டு வெச்சிருக்கும்."

கத்தி பலகைமீது படுத்தது. உணவகத்தில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் வாயில் முள்ளோடு இருந்ததால் எல்லாரும் அமைதியாக இருந்தார்கள். அந்த அமைதியில், வனரோஜா எட்டு ஆண்டுகளாகத் தொண்டையில் வைத்திருந்ததை எடுத்தாள்.

"அன்னிக்குக் கரையில நான் சொன்னன்ல அண்ணி. அதச் சொல்லியிருக்கக்கூடாது."

"சொன்ன. நானும் அதத்தான் நெனச்சிகினு இருந்தன், நீ வாய்விட்டுச் சொன்ன. ஒவ்வொரு மீனயும் கூடையில அடுக்கறப்ப அதோட கண்ணப் பாப்பன், நீயாடா, நீயாடான்னு. எந்த மீனும் சொல்லல. விடிஞ்சா புள்ளைங்க பசின்னும். விக்காம இன்னா பண்றது." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "சரி. ஒரு தட்டு குடு. சொல்றதச் சொல்லு, சொல்லாட்டிப் போ. பசிக்குது."

வனரோஜா வேறொரு பூசணித் துண்டை எடுத்தாள். ஈரமாகவும் வெளிறியும், வவ்வால் மீனின் வயிற்றைப் போல மெல்ல மின்னியும் அது பலகையில் கிடந்தது. விரல் தானாக எழுந்தது. தேடாமல் அரிந்துவிட்டால், அதற்குள் எது இருந்திருந்தாலும் அது இருந்ததென்று இனி ஒருநாளும் தெரியாமல் போகும். தேடினால், இந்தத் துண்டும் ஒரு முள்ளைக் கொடுக்கும், அடுத்த துண்டும் கொடுக்கும், தன் காலம் முடியும்வரை எல்லாத் துண்டுகளும் முள்ளையே கொடுத்துக்கொண்டிருக்கும், அவள் கேட்டதை மட்டும் எதுவுமே கொடுக்காது. அதை அவள் அப்போதுதான் அறிந்தாள் என்று சொல்வதற்கில்லை; அறிந்ததை அப்போதுதான் கைக்குச் சொன்னாள். இடக்கையை மடக்கி, முதுகுக்குப் பின்னால், சேலைச் செருகலில் வைத்துக்கொண்டாள். வலக்கை மட்டும் கத்தியை எடுத்தது. ஒரு கையால் அரிந்த துண்டு சற்றுக் கோணலாக வந்தது. சோற்றுருண்டையின்மேல் அதை வைத்து, மாங்காய் இஞ்சியோடு தட்டை நகர்த்தினாள்.

தேசம்மா கையால் எடுத்து வாயில் போட்டாள். குப்பத்தில் வளர்ந்த நாக்கு அது. முள்ளைச் சதையிலிருந்து பிரித்து எடுப்பதற்கு அது நினைக்கவே வேண்டியதில்லை. அந்த நாக்கு தேடியது. கன்னங்கள் அசைந்தன, நின்றன, மறுபடி அசைந்தன.

"முள்ளு இல்லியே."

"இல்ல அண்ணி."

தேசம்மா விழுங்கினாள். ரோஜா மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து மேசைக்காரருக்கும் கேட்கும் குரலில், ஊருக்குச் சொல்வதைச் சொல்லும் குரலில், சொன்னாள்:

"தெய்வத்திருன்னே போடச் சொல்லு. அத்தை சொல்லிடுச்சுன்னு சொல்லு. அண்ணன் வரமாட்டான்."

அப்போது யாரும் அழவில்லை. தேசம்மா இன்னொரு துண்டு கேட்டாள். ரோஜா தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு அவளருகே வந்து அமர்ந்தாள். காரியத்தை எந்த நாளில் வைப்பது, கடற்கரையில் எந்த இடத்தில் வைப்பது, மேகலாவுக்கு அத்தை முறைக்கு என்ன புடவை எடுப்பது என்று இரண்டு பெண்கள் பேசவேண்டியதைப் பேசினார்கள். சுற்றியிருந்த மேசைகளில், பாதி மென்ற பீட்ரூட்டுகளிலும் கேரட்டுகளிலும் நாக்குகள் துழாவிக்கொண்டிருந்தன. முன்பே அரிந்து வைத்தவைதாம் அவை. ஆயினும் அவற்றிலும் முள் இல்லை. பல் மருத்துவர் இன்பா காலியாயிருந்த முள் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். என்னவோ கேட்க வாயெடுத்தவர், மேடையருகே அமர்ந்திருந்த இருவரையும் கண்டு, கேட்காமலேயே மெல்லத் தொடங்கினார். அடுத்து வந்த மாதங்களிலும் அந்தத் தெருவினர் அப்படியே மெதுவாகத்தான் மென்றார்கள்; இல்லாத முள்ளுக்கு அஞ்சியா, அன்றி அந்த மெதுவே பிடித்துப் போனதாலா என்று அவர்களைக் கேட்டால், சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்காதே என்பார்கள்.

அவர்கள் இருவரும் வெளியே வந்தபோது, மூலையிலிருந்த புங்க மரத்தடியில் சபேசன் நின்றிருந்தார். மாடியிலிருந்து எப்போது இறங்கி வந்தாரோ, கையில் மடக்கிய குடையை ஓங்கிப் பிடித்தபடி, மீன்கூடையிலிருந்து முகத்தை மட்டும் அப்பால் திருப்பிக்கொண்டு, காவல் நின்றார். மதிற்சுவரின்மேல் காகங்கள் வரிசையாக அமர்ந்திருந்தன. தேசம்மாவைக் கண்டதும் அவர் குடையைத் தாழ்த்தினார். அவர் முகத்தில் தவறு செய்தவரின் வாட்டம் இருந்தது.

"மன்னிச்சுக்கணும்மா. ஆளில்லாம கூடை இருக்கேன்னு வந்தேன். எல்லாத்தையும் விரட்டிட்டேன். ஒண்ணு மட்டும் எப்படியோ தப்பி வந்து ஒரு மீனைத் தூக்கிட்டுப் போயிடுச்சு."

"எது சார்?"

"பேரெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. வெள்ளையா, தட்டையா, தாம்பாளம் மாதிரி. மேல இருந்ததையெல்லாம் விட்டுட்டு, ஓரத்துல அடியில கிடந்ததை இழுத்து இழுத்து எடுத்தது. அந்தச் சுவர்லயே உக்காந்து தின்னுச்சு."

"முழுசாத் தின்னுச்சா?"

"முழுசா. முள்ளைக்கூட விடல."

தேசம்மா மதிற்சுவரைப் பார்த்தாள். ரோஜாவும் பார்த்தாள்.

"அவருக்கு அதான் புடிக்கும் சார்," என்றாள் தேசம்மா. பிறகு சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்துக்கொண்டு, கூடைக்கு முன்னால் குனிந்து, "ஒரு கை புடி," என்று நாத்தனாரிடம் சொன்னாள். வனரோஜா இரு கைகளையும் கூடையின் அடியில் கொடுத்து, மீன்நீர் முழங்கை வழியே வழிந்து இறங்க, அதைத் தூக்கி அண்ணியின் தலைமேல் வைத்தாள்.